நமக்குக் கண்ணாயிருப்பவர்

எகிப்து நாட்டுச் சீனாய்த் தீபகற்பத்தின் மலைகளையும் பாலையையும் கால்நடையாகக் கடக்க விரும்புவோர் தனியே புறப்படுவதில்லை. பயணக் குழுவுக்கு முன்னே ஒரு பெதூயின் வழிகாட்டி நடக்கிறார். நீரையும் மாவையும் போர்வைகளையும் சுமந்த ஒட்டகங்கள் உடன் வருகின்றன. அக்கபா வளைகுடாக் கரையிலிருந்து புனித கத்தரீனாள் துறவுமடம் அமைந்துள்ள மலைநாடு வரை செல்லும் நடைவழி ஒன்றை 2015-ஆம் ஆண்டில் மூன்று குலத்தார் கூடி ஒழுங்குபடுத்தினர். அப்போது அதன் நீளம் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். 2018-இல் எட்டுக் குலத்தார் இணைந்தபோது அது 550 கிலோமீட்டராக விரிந்தது. ஒவ்வொரு குலமும் தன் நிலத்திற்குள் மட்டுமே வழிகாட்டும். எல்லை வந்ததும் பயணிகளை அடுத்த குலத்தாரிடம் ஒப்படைத்துவிடும்.

இப்பயணத்தில் ஒன்று நம் சிந்தனைக்கு உரியது. தம் ஊரில் பலருக்கு ஆணையிட்டுப் பழகியவர், பட்டங்கள் பல பெற்றவர், இங்கே பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத ஒரு மலைவாசியின் சொல்லுக்கு அடங்கி நடக்கிறார். 'இங்கே தங்குவோம்' என்றால் தங்குகிறார். 'இன்று இக்கணவாய் வேண்டாம்' என்றால் திரும்புகிறார். வளர்ந்த மனிதர் ஒருவர் இவ்வாறு பிறர் பின்னே நடப்பது அறிவுடைமையா, அல்லது தம் அறிவை அடகு வைப்பதா? இக்கேள்வி பாலைவனத்தோடு முடிந்துவிடுவதில்லை. திருச்சபையில் வழிகாட்டுவோரும் வழிநடப்போருமாக வாழும் நம் அனைவரையும் அது தொடுகிறது.

ஒரு மெய்யியலாரின் குற்றச்சாட்டு

1784-ஆம் ஆண்டில் செர்மானிய மெய்யியல் அறிஞர் இம்மானுவேல் காண்ட், அறிவொளி என்றால் என்ன என்னும் கேள்விக்கு விடையாக ஒரு சிறு கட்டுரை எழுதினார். பிறர் வழிகாட்டாமல் தன் அறிவைப் பயன்படுத்த இயலாத நிலையை அவர் முதிராமை என்று அழைத்தார். அறிவு இல்லாமையால் அன்று, துணிவு இல்லாமையால் மனிதர் அந்நிலையில் தங்கிவிடுகின்றனர் என்பது அவர் கருத்து. தமக்காகச் சிந்திக்க ஒரு நூலும், தமக்காக மனச்சான்றாக இருக்க ஓர் அருள்பணியாளரும், தம் உணவை முடிவுசெய்ய ஒரு மருத்துவரும் கிடைத்துவிட்டால், சோம்பலுள்ளவர் தாமே முயல வேண்டியதில்லை என்று அவர் குத்திக்காட்டினார்.

அவருடைய பட்டியலில் அருள்பணியாளர் இடம்பெற்றிருப்பதை நாம் கவனிக்காமல் செல்லலாகாது. "சாமி, நீங்கள் எது சொன்னாலும் சரி" என்று மக்கள் நம்மிடம் வந்து நிற்பது உண்டு. நிலத் தகராறில் பிரிந்த அண்ணனோடு பேசலாமா, நோயுற்ற தாய்க்குத் தொடர்ந்து மருத்துவம் செய்யலாமா, மகள் விரும்பும் மணத்திற்கு இசைவு தரலாமா எனப் பெருஞ்சுமைகளை நம் முன் இறக்கி வைக்கிறார்கள். அச்சுமையை நாமே எடுத்துக்கொண்டு அவர்களுக்காக முடிவெடுப்பது எளிது. அது அன்பாகவும் தோன்றும். ஆனால் காண்ட் கேட்ட கேள்வி அவ்விடத்தில் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

அப்படியானால் வழிகாட்டி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சீனாய் அவ்வாறு சொல்ல இடந்தருவதில்லை.

பாலை கற்பிக்கும் பாடம்

இன்று கைப்பேசியில் வரைபடம் இருக்கிறது. நாம் எங்கே நிற்கிறோம் என்பதை அது துல்லியமாகக் காட்டும். ஆனால் அடுத்த கிணற்றில் இவ்வாண்டு நீர் ஊறுகிறதா என்பதை அது அறியாது. வறண்ட ஓடைப் படுகைகள் மணற்பாங்காகவும் காற்று மறைவாகவும் இருப்பதால் புதியவர் அங்கே கூடாரம் அடிக்க விரும்புவார். எங்கோ தொலைவில் உள்ள மலையில் பெய்யும் மழை, தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, அதே படுகையில் வெள்ளமாகப் பாயக்கூடும் என்பதை வழிகாட்டி அறிவார். இத்தகைய அறிவு, தலைமுறைதோறும் அந்நிலத்தில் நடந்த கால்களில் ஊறி வந்தது.

விலங்கிடமும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஒட்டகம் திமிலில் நீரைச் சேமிக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். திமிலில் இருப்பது கொழுப்பே. நீரின்றிப் பல நாள் தாங்கி, நீர் கண்ட இடத்தில் சில நிமிடங்களில் நூறு லிட்டர் அளவுக்குக் குடிக்கும் ஆற்றலை இறைவன் அதன் உடலில் வைத்திருக்கிறார். மனிதருக்கோ வெயிலில் ஒரு நாள் நீரின்மையே பேரிடர். தன்னிறைவு என்று நாம் நகரத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வது, குழாயும் கடையும் உள்ளவரைதான் நிற்கும். பாலையில் அது கலைந்துபோகிறது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இம்மலைக்கு வந்த எகேரியா என்னும் கிறிஸ்தவப் பெண்மணியின் பயணக் குறிப்புகள், 1884-ஆம் ஆண்டில் இத்தாலியின் அரெட்சோ நகரில் கண்டெடுக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த துறவியர் தம்மை ஒவ்வோர் இடத்திற்கும் அழைத்துச் சென்று காட்டியதை அவர் நன்றியோடு எழுதுகிறார். பாரான் ஊரார் மணல்வெளியில் ஆங்காங்கே அடையாளங்கள் நட்டு வைப்பதையும், இரவில் ஒட்டகங்கள் அவற்றைப் பற்றிக்கொண்டே வழிசெல்வதையும் குறித்துள்ளார். அவர் துணிவு குறைந்தவர் அல்லர். தொலைநாட்டிலிருந்து அவ்வளவு தூரம் வந்தவர். ஆயினும் கேட்டுத் தெரிந்துகொள்வதை இழிவாக அவர் எண்ணவில்லை.

மேகம் இருக்க ஓபாபு எதற்கு?

இதே நிலத்தைச் சார்ந்த விவிலிய நிகழ்ச்சி ஒன்று நம் கேள்விக்கு ஒளி தருகிறது. எண்ணிக்கை நூலின் பத்தாம் அதிகாரத்தில், இஸ்ரயேல் மக்கள் சீனாயை விட்டுப் புறப்படும் வேளையில், மோசே மிதியானியராகிய ஓபாபைத் தம்மோடு வரும்படி அழைக்கிறார். அவர் மறுத்துத் தம் நாட்டுக்குத் திரும்ப எண்ணுகிறார். மோசே விடவில்லை. பாலையில் எங்கே பாளையம் இறங்குவது என்பதை அறிந்தவர் நீரே. எங்களுக்கு நீர் கண்ணாக இருக்க வேண்டும் என மன்றாடுகிறார். ஆண்டவர் தங்களுக்குச் செய்யும் நன்மையில் பங்கு தருவதாகவும் வாக்களிக்கிறார்.

இதில் வியப்பு என்னவெனில், அதே அதிகாரத்தில் ஆண்டவரின் மேகம் மக்களுக்கு மேலே செல்கிறது. உடன்படிக்கைப் பேழை மூன்று நாள் பயணத் தொலைவு முன்செல்கிறது. இறைவனே வழிநடத்தும்போது ஓர் அயலினத்தாரின் கண்கள் எதற்கு? மோசேயின் நம்பிக்கை குறைந்துவிட்டதா? விவிலியம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மேகம் எங்கே செல்ல வேண்டும் என்பதைக் காட்டுகிறது. அங்கே எந்தப் பாறையின் பின்னே நிழல் உண்டு, எந்தப் பள்ளத்தில் ஊற்று உண்டு என்பதை ஓபாபு அறிவார். இறைவனின் வழிநடத்துதல் மனித அறிவை விலக்கி வைப்பதில்லை. அதன் வழியாகவும் செயல்படுகிறது. அவ்வறிவு நம் இனத்தாரிடமோ நம் சமயத்தாரிடமோ மட்டும் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டீனியன் கட்டிய புனித கத்தரீனாள் மடத்துக்குத் தலைமுறை தலைமுறையாகத் துணைநின்று பணிபுரியும் ஜபலிய்யா குலத்தார் இசுலாமியரே.

புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில், விவேகம் என்னும் நற்பண்பின் ஒரு கூறாகக் கற்றுக்கொள்ளும் பணிவைக் குறிப்பிடுகிறார். செயல்களின் சூழ்நிலைகள் எண்ணற்றவை. ஒருவர் தனியே அவை அனைத்தையும் ஆராய்ந்தறிய இயலாது. எனவே கற்றோரும் சிலவற்றில் பிறரிடம் கேட்டுத் தெளிய வேண்டியவர்களே என்கிறார். வழிகாட்டியை ஏற்பது அறிவைத் துறப்பது அன்று. தன் அறிவின் எல்லையை அறிந்த அறிவின் செயல் அது. இந்த அளவில் காண்ட்டுக்கு நம் மறுமொழி கிடைத்துவிடுகிறது. ஆனால் அவருடைய எச்சரிக்கை முழுவதும் நீங்கிவிடவில்லை. யாரை நம்புவது, எவ்வளவு நம்புவது என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது.

நம்பத்தக்கவர் யார்?

சீனாய் மடத்தின் தலைவராய் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித யோவான் கிளிமாக்குஸ், முப்பது படிகள் கொண்ட ஆன்மிக ஏணியை விவரிக்கும் நூலை எழுதினார். கீழ்ப்படிதலை மிக உயர்வாகப் போற்றும் அவரே, ஒருவரிடம் நம்மை ஒப்படைக்கும் முன் அவரை ஆராய்ந்து சோதித்துப் பார்க்கும்படி அறிவுறுத்துகிறார். இல்லாவிடில் மாலுமிக்குப் பதில் வெறும் படகோட்டியிடமும், மருத்துவருக்குப் பதில் நோயாளியிடமும் சிக்கிக்கொள்வோம் என்கிறார்.

எதைக் கொண்டு சோதிப்பது? முதலாவது, வழிகாட்டுபவர் நம்மோடு நடக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் எருசலேமில் விசாரித்தபோது, மறைநூல் அறிஞர் மெசியா பிறக்கும் ஊரைச் சரியாகவே கூறினர். ஆனால் அவர்களுள் எவரும் பெத்லகேமுக்குப் போனதாக மத்தேயு எழுதவில்லை. வழியைச் சொல்வது வேறு. வழியில் நடப்பது வேறு. பெதூயின் வழிகாட்டி அதே நீரைக் குடிக்கிறார், அதே குளிரில் உறங்குகிறார். அவர் வழி தவறினால் அவரும் அழிவார். நமது பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை நூல்களாக அமைந்துள்ளன. அவற்றில் நான்கில் பரிசு பெற்று மீளும் கலைஞரே வறிய கலைஞருக்கு வழி சொல்கிறார். ஆற்றுப்படுத்துதல் என்னும் சொல்லை இன்று நம் திருச்சபை ஆன்ம ஆலோசனைக்கு வழங்கி வருகிறது. தாம் நடந்திராத வழிக்கு எவரும் ஆற்றுப்படுத்த இயலாது என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, அவர் தம் எல்லையை அறிந்தவரா என்று பார்க்க வேண்டும். குல எல்லையில் பயணிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் வழிகாட்டி, 'இதற்கு மேல் எனக்கு உரிமை இல்லை' என்று ஒப்புக்கொள்கிறார். மனநோய்க்கு மருத்துவரையும், சட்டச் சிக்கலுக்கு வழக்கறிஞரையும் நாடச் சொல்லும் அருள்பணியாளர் தம் பணியில் குறைந்துபோவதில்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்பவரிடமே நாம் அஞ்ச வேண்டும். கீழ்ப்படிதலுக்கும் எல்லை உண்டு என்று புனித தோமா தெளிவாகவே கற்பிக்கிறார்: இறைவனின் கட்டளைக்கு மாறான எதிலும் மேலிருப்பவருக்குக் கீழ்ப்படியலாகாது, உள்ளத்தின் உட்செயல்களில் மனிதர் இறைவனுக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்.

இதை ஏட்டளவிலான கோட்பாடாக நாம் விட்டுவிட முடியாது. வழிகாட்ட வேண்டியவர்களே தங்களை நம்பி வந்த சிறியோருக்குத் தீங்கிழைத்த கொடுமை திருச்சபையின் உடலில் ஆறாத புண்ணாக இருக்கிறது. 2018 ஆகஸ்டு 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இறைமக்கள் அனைவருக்கும் எழுதிய மடலில், அத்தீமையைக் குருத்துவ மேலாண்மையோடு இணைத்துக் காட்டி, இரண்டையும் மறுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். கேள்வி கேட்பது நம்பிக்கையின்மை என்று மக்களை அடக்கிவைத்த இடங்களில்தான் ஓநாய்கள் ஆயரின் உடையில் உலவ முடிந்தது. ஆகவே, தம் வழிகாட்டியைச் சோதித்துப் பார்க்கும் பொதுநிலையினர் திருச்சபைக்கு எதிராக எதுவும் செய்யவில்லை. அவர்கள் அதைக் காக்கின்றனர்.

இறுதிப் படிகள்

2285 மீட்டர் உயரமுள்ள மோசேயின் மலைக்கு ஏற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துறவியர் அமைத்த, ஏறத்தாழ 3750 கற்படிகள் கொண்ட மனமாற்றப் படிவழி. மற்றொன்று, வளைந்து வளைந்து செல்லும் ஒட்டகப் பாதை. ஒட்டகத்தில் அமர்ந்து செல்வோரும் உச்சி வரை அவ்வாறே போய்விட முடியாது. ஓரிடத்தில் அப்பாதை படிவழியோடு கலந்து முடிந்துவிடுகிறது. அங்கே செல்வரும் வறியவரும் கீழே இறங்கியாக வேண்டும். எஞ்சிய ஏறத்தாழ 750 படிகளைத் தம் கால்களால்தான் ஏற வேண்டும். எகேரியாவும் தம் காலத்தில் அமர்ந்து செல்ல வழியின்றி நடந்தே ஏறியதாக எழுதியுள்ளார்.

மனச்சான்றின் இயல்பும் இதுவே. பெற்றோர், ஆசிரியர், ஆலோசகர், அருள்பணியாளர் ஆகிய அனைவரும் நம்மை ஓரிடம் வரை கொண்டுசேர்க்கலாம். மறைக்கல்வி, மன்றாட்டு, திருச்சபையின் போதனை ஆகியவை நம்மைச் சுமந்து செல்லலாம். ஆனால் மன்னிப்பதா இல்லையா, உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்னும் கடைசிப் படிகளில் மனிதர் இறைவனோடு தனியே நிற்கிறார். அங்கே இன்னொருவர் நமக்காக ஏற இயலாது. ஏறிவிட்டதாகச் சொன்னாலும், உச்சியில் நிற்பவர் அவரே அன்றி நாம் அல்லோம். எனவே, 'சாமி, நீங்களே சொல்லுங்கள்' என்று வரும் சகோதரருக்கு, ஒட்டகப் பாதை முடியும் இடம் வரை உடன் நடப்பதும், அங்கிருந்து அவருடைய கால்களை நம்புவதும் மேய்ப்புப் பணி. எம்மாவுக்குச் சென்ற சீடரோடு உடன்நடந்த ஆண்டவர், அவர்களுடைய கண்கள் திறந்ததும் மறைந்துபோனார். அவர்கள் எருசலேமுக்குத் திரும்பும் வழியைத் தாங்களே நடந்தனர்.

ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. மோசே ஓபாபிடம் வழிகாட்டும்படி மட்டும் கேட்கவில்லை. நன்மையில் பங்கும் தருவதாகச் சொன்னார். அவருடைய வழிமரபினர் பின்னர் யூதா மக்களிடையே குடியிருந்ததை நீதித்தலைவர்கள் நூல் பதிவுசெய்கிறது. புனித நாடுகளுக்குத் திருப்பயணம் செல்வோர் பெருகிவரும் இந்நாளில், வழிகாட்டிக்கு நியாயமான கூலி கிடைத்ததா, ஒட்டகத்தின் மேல் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றப்பட்டதா என்று கேட்பதும் செபத்தின் பகுதியே. நமக்குக் கண்ணாயிருந்தவரை ஊர் வந்ததும் மறந்துவிடுவோர், எவ்வளவு உயரம் ஏறினாலும் மலையின் ஆண்டவரைக் கண்டதாகக் கூற முடியாது.