அண்ணாந்து பார்த்திருந்தால்



செய்தியைப் போட்டால் ஒரு பக்கம் போர், ஒரு பக்கம் கொலை, இன்னொரு பக்கம் விபத்து. 'சாமானியன் நாம் என்ன செய்ய முடியும்?' என்று காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். போர் விஷயத்தில் அது ஓரளவு சரிதான். உக்ரைனில் விழும் ஏவுகணையை மாயவரத்தில் உட்கார்ந்துகொண்டு யார் தடுப்பது? ஆனால் நம் தெருவிலேயே, எல்லோர் கண்ணெதிரேயும் வருஷக்கணக்கில் நின்றுவிட்டு, ஒருநாள் விபத்துச் செய்தியாகிவிடுகிற குற்றங்களும் இருக்கின்றன.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரு பள்ளிக்கூடம். சத்துணவு சமைக்கும் இடத்தில் பிடித்த தீ, மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. அங்கே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. எரிந்த கீற்று அவர்கள் மேலேயே சரிந்தது. 94 குழந்தைகள்.

அதே ஆண்டு ஜனவரி 23 அன்றுதான் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துக் கீற்றுப் பந்தல் எரிந்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். அதற்கும் முன்பு 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடி. மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த கொட்டகை. 28 பேர், தீ வந்தபோது எழுந்து ஓடக்கூட வழியில்லை.

மூன்று இடத்திலும் கீற்று. ஸ்ரீரங்கத்துப் படங்களைப் பேப்பரில் பார்த்துப் பதறாதவர் இல்லை. ஆனாலும் ஆறு மாதத்தில் ஒருவரும் அந்தப் பள்ளிக்கூடத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. பெற்றவர்களைச் சொல்லவில்லை, அவர்களுக்கு நேர்ந்ததற்கு மேல் ஒன்று நேர வேண்டாம். அங்கீகாரம் கொடுத்தவர்கள், அந்த வழியே தினம் போய்வந்தவர்கள் என்று ஊரே பார்த்த கூரை அது. கீற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. சித்திரை வெயிலில் அதற்கு ஈடு ஏது? அதனடியில் அத்தனை பிள்ளைகளை அடைத்து, கீழே அடுப்பை மூட்டியதுதான் குற்றம்.

தீர்ப்பு வரப் பத்து ஆண்டு ஆனது. 2014 ஜூலையில் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் அவர்களிலும் சிலர் விடுதலையானார்கள்.

தீக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் அவசர அவசரமாகக் கீற்றைப் பிரித்தார்கள். சரி, கீற்று போயிற்று. பூட்டுப் போட்ட பின்வாசல்? படிக்கட்டுக்கு அடியில் அடுக்கிக் கிடக்கும் உடைந்த பெஞ்சுகள்? சுவரில் தொங்கும் தீயணைப்பானில் கட்டியிருக்கும் அட்டையைத் திருப்பினால், எப்போது கடைசியாக நிரப்பினார்கள் என்று தெரிந்துவிடும். ஆண்டு விழாவுக்குப் போகிற நாம் பிள்ளையின் டான்ஸை செல்போனில் பிடித்துக்கொண்டு திரும்புகிறோம்.

இதையெல்லாம் பள்ளியில் கேட்டால், 'ஏன் சார் பெரிசு பண்றீங்க?' என்பார்கள். இருக்கட்டும். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். இந்தப் பள்ளிக்குக் கட்டட உறுதிச் சான்று உண்டா, தீயணைப்புத் துறைச் சான்று எந்தத் தேதி வரை செல்லும், நகல் தருக. 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பிள்ளையிடம் டீச்சர் முகத்தைக் காட்டுவாரோ என்று தயக்கமா? தாத்தா பெயரில் போடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் போடுங்கள். மனுப் போடக் குடிமகனாக இருந்தால் போதும். பெற்றோராக இருக்க வேண்டியதில்லை.