நீ என்னும் சொல்

ஸ்பானிய தேசத்து வலென்சியா நகரிலே மேற்படிப்பின் நிமித்தம் வசிக்கும் என் மருமகன் அண்மையில் எழுதிய கடிதத்தில், அந்நாட்டார் பிற்பகல் மூன்று மணிக்கு மதிய போசனமும் இரவு பத்து மணிக்கு இராப்போசனமும் அருந்தும் வழக்கத்துக்குத் தன் தேகம் சில வாரங்களில் இசைந்துவிட்டதென்றும், ஆனால் ஒரேயொரு சிறு சொல்லுக்குத் தன் மனம் இசைய மறுக்கிறதென்றும் தெரிவித்திருந்தான். எழுபது வயதைக் கடந்த வீட்டுக்கார அம்மையாரை, வகுப்பிலே கற்றபடி 'உஸ்தெத்' என்னும் மரியாதைச் சொல்லால் அவன் விளிக்க, அவர் முகம் வாடி, தம்மை அந்நியராக ஒதுக்க வேண்டாமென்றும் 'தூ' என்றே அழைக்கவேண்டுமென்றும் கேட்டுக்கொண்டாராம். 'தூ' என்பது அவர்களுடைய 'நீ'. நம்முடைய செவிக்கோ அது இகழ்ச்சியின் ஒலி. நீ, நீர், நீங்கள் என்று ஆளறிந்து பேசும் பருத்தித்துறையிலே வளர்ந்த பிள்ளைக்கு அச்சொல்லைச் சொல்ல மூன்று நாள் நா எழவில்லை. சொல்லிய பின்னரோ, 'மாமா, எங்கள் ஆசாரத்தை நான் கைவிட்டுவிட்டேனா?' என்று வினவுகிறான்.

இவ்வினாவை அற்பமென்று தள்ளுதல் தகாது. மரியாதை சொல்லிலே உறைவதா, சொல்லுகின்றவனுடைய உள்ளத்திலே உறைவதா என்னும் தத்துவ விசாரமே அதனுள் அடங்கியிருக்கிறது. புரட்டாதி மாதத்திலே வல்லிபுர ஆழ்வாரின் சமுத்திர தீர்த்தத்தன்று, மணற்கும்பிகளுக்கிடையே சுடுமணலில் நின்று, கூப்பிய கை தாழாமல், 'நீதானப்பா என்ரை பிள்ளையைக் காப்பாற்ற வேணும்' என்று கண்ணீர் மல்க முறையிட்ட கிழவி ஒருத்தியை நான் கண்டிருக்கிறேன். விதானையாரைக் கண்டால் எழுந்து நின்று 'நீங்கள்' என்னும் அக்கிழவியே, சராசரங்களுக்கெல்லாம் நாயகனாகிய பரம்பொருளை 'நீ' என்கிறாள். அதனால் அவளுடைய பக்தி குன்றிவிடவில்லை. சிவபெருமானுக்குத் தோழராகி உரிமையோடு பாடிய சுந்தரமூர்த்தி நாயனாரை நம் சைவம் சமயகுரவர் நால்வருள் ஒருவராக வைத்து வணங்குகின்றது. அன்பு முதிர்ந்தவிடத்தில் 'நீ' என்பதே பரம மரியாதையாகும்.

இதனால் ஆசாரமே வேண்டாவென்று கொள்ளலாகாது. உள்ளத்துப் பணிவு பிறருக்கு விளங்குவது ஆசாரத்தின் வாயிலாகவே. ஆனால் இலக்கணம் மொழிக்கு மொழி வேறுபடுவதுபோல, ஆசாரமும் தேசத்துக்குத் தேசம் வேறுபடும். நம் இலக்கணத்தைக்கொண்டு அவர்களோடு பேசினால் கருத்துச் சிதையும். என் மருமகன் பணிவாகவே சொல்லிய 'உஸ்தெத்', அந்த அம்மையாரிடம் புறக்கணிப்பாகவே போய்ச் சேர்ந்தது.

அந்நியச் சொல் வந்து புகுந்ததனால் மட்டும் எங்கள் இயல்பு அழிந்ததுமில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்து, 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர், ஸ்பானியத்துக்கு உடன்பிறப்பான தம் மொழியிலிருந்து மேசையையும் கதிரையையும் அலுமாரியையும் குசினியையும் எங்கள் வீடுகளிலே விட்டுச் சென்றனர். அடுக்களைக்குக் குசினி என்று பெயர் வந்த பின்னும், விரத நாளில் நீராடியபின்பே அதனுள் அடியெடுத்து வைக்கும் நியமம் எங்கள் தாய்மாரை விட்டு நீங்கவில்லை.

ஆகவே மருமகனுக்கு இவ்வாறு எழுதினேன்: அந்த அம்மையாரைத் 'தூ' என்றே அழை, அழைக்கும்போது ஊரிலிருக்கும் உன் அம்மம்மாவை நினைத்துக்கொள். ஊர் திரும்பிய அன்று அம்மம்மாவை 'நீங்கள்' என்றே அழை. இரண்டும் ஒரே வணக்கம்.