விலைக்கு வாங்கிய சிபாரிசு

சரக்கு நல்ல சரக்குதான். அதைப் புகழ நாலு பேருக்குக் காசு கொடுத்தால் என்ன தப்பு?

1998-ல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது கணக்கு எளிமையானது. ஓர் இணையதளம் இன்னொன்றுக்கு இணைப்பு கொடுத்தால், அது ஒரு சிபாரிசு. சிபாரிசு கூடக்கூட, தேடலில் இடம் முன்னால் வரும்.

அமெரிக்காவின் பழைய கடை ஜே.சி.பென்னி. 2010 பண்டிகை சீசனில் சாம்சோனைட் பெட்டியைத் தேடினால்கூட, சாம்சோனைட்டுக்கே முன்னால் இந்தக் கடை நின்றது! 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் குட்டை உடைத்தது. குறட்டை, மீன்பிடிப்பு, பல் வைத்தியம் என்று சம்பந்தமில்லாத தளங்களில் எல்லாம் கடைக்கு இணைப்பு. யாரோ காசு கொடுத்து வைத்தவை. 'எங்களுக்குத் தெரியாது' என்றது கடை. கூகுள் விடவில்லை. பெட்டித் தேடலில் முதலிடம் இரண்டே மணி நேரத்தில் 71 ஆனது.

சரி, நஷ்டம் யாருக்கு? அங்கே பெட்டி வாங்கியவருக்கு இல்லை. பெட்டி நல்ல பெட்டிதான். காசு கொடுக்காமல் ஒழுங்காக வியாபாரம் செய்து, பின்னுக்குப் போன இன்னொரு கடைக்காரருக்கு. அப்படி ஒருவர் இருப்பதே உங்களுக்குத் தெரியாது. மனசாரச் சிபாரிசு செய்தவரின் வார்த்தைக்கும் மதிப்புப் போச்சு.

விளம்பரம் என்று போர்டு மாட்டியிருந்தால் சண்டையே இல்லை. பொய் சரக்கில் இல்லை. 'நானாகத்தான் சொல்கிறேன்' என்கிற பாவனையில் இருக்கிறது.

நாளைக்கு ஒருத்தர் உங்களிடம், "நம்ம டாக்டர் கைராசிக்காரர்னு நாலு பேர்கிட்ட சொல்லுங்க, கவனிச்சுக்கறோம்" என்பார். டாக்டர் நிஜமாகவே கைராசிக்காரராக இருக்கலாம். அப்போதும் அந்தக் காசை வாங்காதீர்கள். வாங்கினால், அப்புறம் நீங்கள் சும்மா சொல்வதையும் யார் நம்புவார்கள்?