அடிமுடி

மாசி. விடியக்காலம். திண்ணையில் சீப்பு, முறம், பாலு.

மேல்முடி முரடு. கறுப்பு. விரலால் விலக்கினால் கீழே இன்னொரு முடி. சாம்பல் நிறம், இலவம்பஞ்சு மாதிரி. இழுக்க வேண்டியதில்லை. சீப்பை வைத்தால் தானாகக் கழன்று வருகிறது.

ஒரு சீப்பு. இன்னொரு சீப்பு.

முறம் நிறைகிறது. நாய் குறையவில்லை.


ஒரு சிட்டுக்குருவி. முறத்திலிருந்து ஒரு கொத்து முடியைக் கவ்விக்கொண்டு ஓட்டுச் சந்துக்குள் நுழைகிறது. திரும்ப வருகிறது.


அக்காள் மகன் தர்மசாலா பக்கம் முகாமில் இருந்தபோது கிடைத்த குட்டி. ஆட்டிடையர்கள் கொடுத்தது. அந்த இடையர்களுக்குக் கத்தி என்று பெயர். எழுதினால் அரிவாள் பக்கம் போய்விடுகிறது. சொல்லும்போது முதல் எழுத்தும் நடு எழுத்தும் மெலிய வேண்டும்.

கோடையில் ஆடுகளோடு பனிக்கணவாய் ஏறுகிறவர்கள். குளிர் வந்தால் காங்ரா பக்கம் இறங்குகிறவர்கள். கூட நாய்.


பாலு. இந்தியில் கரடி. ஆய்க்குடியில் பாலசுப்பிரமணியன்.

கோயில் மணி கேட்கிறது. தொங்கும் காது ஒருமுறை அசைகிறது.


நிலைக்கு மேலே ஆணியில் இரும்புப் பட்டை. குட்டியோடு வந்தது. வெளிப்பக்கம் முழுக்க முள். அங்கே சிறுத்தை முதலில் கவ்வுவது கழுத்தை.

இங்கே ஒருநாளும் போட்டதில்லை. சாரல் காலத்தில் துருவேறுகிறது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன். திரும்ப மாட்டுகிறேன்.


2025-இல் கர்னாலில் நாட்டு இனங்களின் பதிவேட்டில் இந்த நாயினமும் ஏறியிருக்கிறது. இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் முன்பே அதில் உண்டு.

இராஜபாளையத்துக்குத் தோலோடு ஒட்டிய முடி. வெயில் பட்டால் அடியில் ரோஸ் நிறம் தெரியும். இதுவோ பனிக்குப் பிறந்தது.

ஒரே ஏடு.


பிசானம் அறுத்தாயிற்று. வடக்கு வயலில் கிடை போட்டிருக்கிறார்கள். செம்மறி. இராத்திரிக் காற்றில் புழுக்கை வாசம்.

பாலு தூங்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து இருட்டைப் பார்க்கிறது. குரைக்கவில்லை.

ஒரு குட்டி கத்துகிறது. தாய் குரல் கொடுக்கிறது. பாலு எழுந்து நிற்கிறது. சத்தம் அடங்குகிறது. மறுபடி உட்காருகிறது.

பால் மறந்த கையோடு ரயிலேறிய குட்டி. யாரும் கற்றுக்கொடுக்காத காவல்.

கீதாரியின் நாய் வேலியோரம் வருகிறது. மெலிந்த செவலை. இரண்டும் பார்த்துக்கொள்கின்றன. செவலை திரும்பிப் போகிறது, தன் ஆடுகளிடம்.

விடியும்வரை பாலுவின் முதுகு. அதற்கு அப்பால் இருட்டு.


சித்திரை.

சிமெண்டுத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்திருக்கிறது. நாக்கு. மூச்சு. மூச்சு.

நாய்க்கு வியர்ப்பது பாதத்தில். எழுந்து போன இடத்தில் நாலு ஈரத் தடம். பார்க்கப் பார்க்கக் காய்கிறது.


மொட்டை அடித்துவிடச் சொல்கிறது தெரு. அடிக்கக் கூடாது. மேல்முடி வெயிலையும் தடுக்கிறது. வெட்டினால் தோல் வெந்துவிடும். பழையபடி வளராமலும் போகலாம். உதிர்ந்த அடிமுடியை மட்டும் சீவி எடுத்தால் காற்று உள்ளே போகும்.

காற்றுக்கு வழிவிடுகிற வேலை. காலையில் ஒருமணி நேரம்.


விரலிடுக்கு. காதுமடல். கழுத்து மடிப்பு. கண் போதவில்லை, விரல்தான் பார்க்கிறது.

ஒரு உண்ணி. ஆமணக்கு விதை மாதிரி உப்பியிருக்கிறது. தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, மெல்ல.

உதட்டைத் தூக்கி ஈறு பார்க்கிறேன். சிவப்பு. போன வருஷம் உண்ணிக் காய்ச்சலில் வெளுத்துக் கிடந்தது, சுண்ணாம்புச் சுவராக. அன்றுமுதல் தினமும் பார்க்கிறேன்.

சிவப்பு.


அனுமன் நதி. படிப்பாயசம் ஊற்றும் படிகளுக்கு வெகு கீழே, ஆள் இல்லாத இடம். கணுக்கால் தண்ணீர்.

அடிவயிறு. பாதம். தொடையிடுக்கு. அங்கே பட்டால் உடம்பெல்லாம் குளிர்கிறது.

பாலு கண்ணை மூடுகிறது.

மணலில் தண்ணீர் நகர்கிற சத்தம்.


கொண்டுவந்திருக்க வேண்டாம்.

இந்த நினைப்பு வருகிறது. என் பாதத்தின் மேல் அதன் தாடை. கனம். சூடு. நினைப்பு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறது.


ஆனி. செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று.

மேற்கே மலை இல்லை. மேகம் இருக்கிறது.

பாலு முற்றத்தில் முகம் தூக்கி நிற்கிறது. முடியெல்லாம் பின்னால் படிகிறது. கூப்பிடவில்லை நான்.


சாரல் விழுவது தெரிவதில்லை. நனைந்திருப்பது தெரிகிறது.

மேல்முடியில் பொடிப்பொடியாகத் துளி. உதறினால் போகிறது. அடிமுடியில் இறங்கினால் காயாது. இரண்டே நாளில் புளித்த வாடை, அப்புறம் புண். பழைய வேட்டி, மின்விசிறி, கை.


கிடை கிடந்த வயலில் நாற்றங்கால். பச்சை.

பாலு அந்தப் பக்கம் பார்த்தபடி படுத்திருக்கிறது.


முதுகில் விரலை நுழைக்கிறேன். ஈரம். இன்னும் கொஞ்சம். ஈரம். அதற்கும் கீழே, லேசாக, ஒரு வெதுவெதுப்பு.

விரல் இன்னும் தோலைத் தொடவில்லை.