கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர்கள்

அரிச்சல்முனையில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட் நடக்கும்போது கவனித்துப் பாருங்கள். கேமராக்காரர் கடலைப் பார்த்து நிற்பார். பொண்ணும் மாப்பிள்ளையும் கடலுக்கு முதுகு காட்டி நிற்பார்கள். "இன்னும் ஒரு ஸ்டெப் பின்னாடி போங்க" என்று சொல்கிறவருக்கு அலை தெரிகிறது; போகிறவர்களுக்குத் தெரியாது. படமெடுப்பதில் பாதுகாப்பு என்றதும் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான்: ஆபத்து யாருடையது, அதை முடிவு செய்வது யார்?

சொல்கிறவருக்கு அலை சரியாகத் தெரிகிறதா என்பதும் சந்தேகம்தான். வைட் லென்ஸ் வழியே பார்த்தால் பத்தடியில் இருக்கும் அலை முப்பதடி தள்ளி இருப்பது போலத் தெரியும். அங்கே வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் ஒன்றைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். இரண்டும் சேரும் முனையில் நீரோட்டம் காலுக்கடியில் மணலை அரித்துக்கொண்டே இருக்கும். 2017இல் தார்ச்சாலை வந்த பிறகு காரை விட்டு இறங்கினால் நேரே முனை. முன்பெல்லாம் ஜீப்பிலோ நடந்தோ மணலில் போகிற வழியிலேயே கடலைப் பற்றி யாராவது நாலு வார்த்தை சொல்லிவிடுவார்கள்.

"சம்மதிச்சுத்தானே நிக்கிறாங்க?" என்பார்கள். தெரியாத ஒன்றுக்கு எப்படிச் சம்மதிக்க முடியும்? அவர்கள் கடலை நம்பி நிற்கவில்லை, கேமராக்காரரை நம்பி நிற்கிறார்கள். லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் உதவியாளரின் நிலை இன்னும் மோசம். தனுஷ்கோடிக் காற்றில் சாஃப்ட்பாக்ஸ் பாய்மரம் மாதிரி இழுக்கும். ஸ்டுடியோவில் ஸ்டாண்டுக்கு மணல்மூட்டை வைப்பார்கள், தரையில் ஓடும் ஒயரை டேப் போட்டு ஒட்டுவார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மணலாகக் கிடக்கிற இடத்தில் ஒரு காலிச் சாக்கைக் கொண்டுவர மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை; மூட்டைக்குப் பதில் ஒரு பையன் நிற்கிறான். நாள்கூலிக்கு வந்தவன் "முடியாதுண்ணே" என்று சொல்வானா?

1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவரில் ஏறி நிற்பவர்களைப் பற்றி எனக்கு இவ்வளவு கவலை இல்லை. விழுந்தால் அடி அவர்களுக்கு (சுவர் பாவம்தான்). பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி ரயிலைப் படமெடுப்பவர் அப்படியில்லை. ஆபத்தைப் பின்னால் வருகிற பைக்காரனிடம் கொடுத்துவிட்டு அவர் கைப்பிடிச் சுவரோரம் பத்திரமாக நிற்கிறார்.

சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கும் பெண்களைப் படமெடுக்கப் போகிறவர்கள் நிறைய. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுப்பார்கள். பாறை கையைக் கிழிக்கும். அது அவர்கள் அம்மா காலத்திலிருந்து பழகிய ஆபத்து. படம் கொண்டுவரும் ஆபத்து வேறு. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆனபின் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்க வனத்துறை தடை. நமக்கு அழகான ஃப்ரேம், அதிகாரிக்குச் சாட்சி.

அதற்காகப் படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அந்த உழைப்பு வெளியே தெரியாமல் இருந்ததும் ஓர் அநியாயம்தான். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி பாசி எடுக்கும் பெண்களின் உரிமைக்காகப் போராடி, 2015இல் சீகாலஜி விருது வாங்கினார். தன் முகத்தையும் பெயரையும் முன்வைக்க அவர் தானே முடிவெடுத்தார். பக்கத்துப் படகில் இருக்கும் பெண்ணுக்காக அந்த முடிவை நாம் எடுக்க முடியாது. படம் எங்கே வரும், யார் பார்ப்பார்கள் என்று படகு கிளம்புவதற்கு முன்பே கரையில் உட்கார்ந்து பேச வேண்டும். தண்ணிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடம் "எடுக்கலாமாக்கா?" என்று கேட்பது கேட்டதாகாது.

முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மென்பொருள்காரன் என்பதால் எனக்கு அது போதாது. லொகேஷன் ஆனில் இருந்தால் போன் ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் மூன்றையும் எழுதிவைக்கும். அதை அழித்துவிடலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் பின்னால் தெரியும் தீவையும் படகின் நிறத்தையும் அவர் போட்டிருக்கும் கட்டம் போட்ட சட்டையையும் என்ன செய்வது? ஊரில் யாருக்கும் அது யாரென்று தெரிந்துவிடும்.