விதைக்கு யார் சொந்தக்காரர்?

சரக்கு எடுக்கும்போது நாம் கேட்பது இரண்டே கேள்விகள்: விலை என்ன, எடை சரியா? பதில் கிடைத்துப் பணம் கைமாறிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பது நம் வியாபார வழக்கம். துணிக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் இது பொருந்தும். விதைக்கும் வேருக்கும் பொருந்துமா என்பதை வாசக நேயர்கள் சற்று யோசிக்க வேண்டுகிறோம்.

பூமிக்கடியிலிருந்து தோண்டும் எண்ணெயை நம்பி நடந்த தொழில்களை இனி மரஞ்செடிகளை நம்பி நடத்த வேண்டும் என்று பல நாட்டு அரசாங்கங்களும் இன்று பேசுகின்றன. உயிர்வளப் பொருளாதாரம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பெயர்தான் புதிது. இம்மண்ணில் பால்மரம் அந்தக் காரியத்தை நூறாண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறது.

1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டு அமேசான் பகுதியிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளைக் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை சொற்பமே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. நம்மவர்கள் பூமலை என்றழைக்கும் தாவரத் தோட்டத்திற்கு 1888இல் தலைவராக வந்த ரிட்லி, மரம் சாகாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். தோட்டக்காரர்களைக் கண்டபோதெல்லாம் இவ்விதையை நடுங்கள் என்று வற்புறுத்திய அவரைப் பைத்தியக்காரர் என்று ஏளனம் செய்தார்கள். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் துணிந்து தோட்டம் போட்டார். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின. மலாயாவில் பணம் புரண்டது. பிரேசிலின் ரப்பர் வியாபாரம் படுத்துவிட்டது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் பால் வெட்டினார்கள். அவர்கள் இருந்த தோட்டங்களை அடுத்த சிற்றூர்களில் நம் முன்னோர் பலர் கடை வைத்தார்கள். ஆகவே இம்மரத்தின் உப்பைத் தின்றவர்களில் நாமும் சேர்த்தி.

விக்கம் திருடினாரா? அன்று அதைத் தடுக்கும் சட்டம் பிரேசிலில் இல்லை என்பார்கள். உண்மைதான். சட்டம் தடுக்காததெல்லாம் நேர்மை ஆகிவிடுமா என்பதே நம் கேள்வி. அதே சமயம், விதை மட்டுமே செல்வம் அன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1925இல் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஏற்றுமதியாகும் ரப்பர் மீது விதித்த சிறு தீர்வையில் நடந்தது. 1930களின் கடைசியில் அங்கே பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்த்து உண்டாக்கியதுதான் ஆர்.ஆர்.ஐ.எம். 600 முதலான வரிசை. பழைய நாற்று மரங்களைப் போல மூன்று மடங்கு பால் தரும் இனங்கள் இவ்வாறுதான் வந்தன. ஒரு புது இனத்தைச் சேர்த்து, நட்டு, வெட்டிப் பார்த்து, நம்பிக்கையாக விவசாயியிடம் கொடுப்பதற்கு இருபது முப்பது வருஷம் ஆகும். மாதக் கடைசியில் பேரேட்டைப் புரட்டும் நமக்கு இந்தப் பொறுமை எளிதில் விளங்காது! அந்த 600ஆம் எண் மரம்தான் இன்று தாய்லாந்துத் தோட்டங்களில் பெரும்பகுதியை நிரப்பி நிற்கிறது. ரப்பர் உற்பத்தியில் அந்நாடு முதலிடத்தில் இருக்கிறது. பிரேசிலிலிருந்து இங்கு வந்தது போலவே இங்கிருந்து அங்கும் போயிற்று.

பாலும் வற்றிய கிழட்டு மரத்தை முன்பெல்லாம் விறகாக எரித்தார்கள். மருந்தேற்றி உலர்த்தினால் பூச்சி அரிக்காது என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டிய பின், அதே கட்டை மேசையாகவும் கட்டிலாகவும் கடல் கடந்து போகிறது. காட்டை வெட்டாமல் கிடைத்த மரம் இது.

"அப்படியானால் ஒவ்வொரு ரப்பர் செருப்புக்கும் பிரேசிலுக்கு ஒரு காசு அனுப்புவதா?" என்று நண்பர்கள் கேலியாகக் கேட்கக்கூடும். வேண்டியதில்லை. 1981இல் நடந்ததைப் பாருங்கள். ஆசியாவின் பால்மரங்கள் பெரும்பாலும் அந்தப் பழைய விதைகளின் வம்சமே; வம்சம் குறுகியதானால் ஒரே நோயில் எல்லாம் மடியலாம். அமேசானில் ஃபோர்டு கம்பெனி 1928 முதல் போட்ட தோட்டங்களை இலைக்கருகல் நோய் தின்றது. 1945இல் கம்பெனி கைவிட்டுப் போயிற்று. இந்த அச்சத்தால் அனைத்துலக ரப்பர் ஆராய்ச்சி அமைப்பினர் மறுபடியும் அமேசானுக்குச் சென்றார்கள். இம்முறை பிரேசிலின் சம்மதத்தோடு, பிரேசில் நாட்டவரும் கூடச் சேர்ந்து விதை பொறுக்கினார்கள். பாதி விதையை அங்கேயே வைத்துவிட்டு மீதியையே வெளியே கொண்டுவந்தார்கள். இரண்டு பயணங்களுக்கும் உள்ள வித்தியாசம் பணமன்று. கேட்டு வாங்கியதும் பங்கு வைத்ததும்தான். மலேசியாவும் 2017இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றி 2020 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. காட்டுச் செடியை ஆராய்ச்சிக்கு எடுப்பவர் அனுமதி பெற வேண்டும். அதை அறிந்து காத்த பூர்வகுடிகளுக்கும் பலனில் பங்கு உண்டு.

தீர்வையைத் தண்டம் என்று முணுமுணுக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காசில் பிறந்த கன்றுதான் ஐந்தாறு ஏக்கர் வைத்திருக்கும் கம்பத்துக்காரரின் வீட்டில் உலை வைக்கிறது. அவர் கையில் காசு புழங்கினால்தான் நம் கடையில் விற்பனை நடக்கும்.

இனி நம் அலமாரியைப் பார்ப்போம். தொங்காட் அலி வேர்ப்பொடி நம்மில் பலர் கடையில் இருக்கிறது. டப்பாவின் மேல் கம்பெனியின் பெயர் இருக்கும். ஆய்வுக்கூடத்தின் முத்திரையும் சிலவற்றில் இருக்கும். காட்டில் வேரை அடையாளம் கண்டு தோண்டும் ஒராங் அஸ்லி மக்களின் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. இதை விற்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கழிவு எவ்வளவு என்று நாம் கேட்டதும் பிரதிநிதி மனப்பாடமாகச் சொல்கிறார் அல்லவா? தோண்டியவருக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தீர்கள் என்றும் அவரிடம் கேட்போம். ஒரு கடைக்காரர் கேட்டால் சிரிப்பார். நம் சங்கத்துக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டால் கம்பெனியில் விசாரித்துக்கொண்டுதான் திரும்பி வருவார்.