கடலடியில் கிடந்த செபமாலை



நவம்பர் மாதத்தை நமது தாயாகிய திருச்சபை உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. இந்நாட்களில் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துகிறோம். நல்ல வழக்கந்தான். ஆனால் கல்லறையே இல்லாமல் மரித்தவர்களுக்காக வேண்டிக்கொள்வது யார்? ஒரு கப்பலின் சரித்திரத்தைக் கொண்டு இதைச் சிந்திப்போம்.

1545-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, இங்கிலாந்து தேசத்துப் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு வெளியே பிரெஞ்சுக் கடற்படையை எதிர்த்துப் புறப்பட்ட பாய்க்கப்பல்களில் ஒன்று 'மேரி ரோஸ்'. அது திரும்புகையில் ஒரு பக்கமாய்ச் சாய, திறந்திருந்த பீரங்கித் துவாரங்களின் வழியாய்த் தண்ணீர் புகுந்தது. எட்டாம் ஹென்றி அரசன் கரையிலிருந்து பார்க்கும்போதே கப்பல் அமிழ்ந்து போயிற்று. எதிரிகள் ஏறாதபடி மேல்தளத்தின்மேல் கட்டியிருந்த வலையே உள்ளே இருந்தவர்களைத் தப்பவிடாமல் தடுத்தது. நூற்றுக்கணக்கானவர்களில் பிழைத்தவர் 40 பேருக்கும் குறைவு.

1971-ம் ஆண்டு முக்குளிப்போர் அக்கப்பலைக் கண்டுபிடித்தார்கள். 1979 முதல் 1982 வரை, பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள், முதுகில் காற்றடைத்த சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஏறக்குறைய 28,000 தடவை இறங்கினார்கள். ஆழம் சுமார் 40 அடிதான். ஆனால் கலங்கல் தண்ணீர். சேற்றைக் கையால் மெல்லக் கிளறி, குழாயால் உறிஞ்சி அகற்றினார்கள். அந்தச் சேறே மரத்தையும் தோலையும் அழியாமல் காத்திருந்தது. வில், அம்பு, சீப்பு, சப்பாத்து, மரத்தட்டு என்று 19,000-க்கு மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. 179 பேருக்குக் குறையாத மனிதருடைய எலும்புகளும் கிடைத்தன.

அவற்றோடு செபமாலைகளும் கிடைத்தன! அரசன் பாப்பரசரை விட்டுப் பிரிந்து பதினோரு வருடமாகியிருந்தது. மணிகளை எண்ணிச் செபிப்பதைக் கண்டித்து 1538-ம் ஆண்டிலேயே அரச கட்டளை பிறந்திருந்தது. ஆயினும் அரசனுடைய கப்பலிலேயே சில மாலுமிகள் தங்கள் செபமாலையைக் கைவிடவில்லை.

மக்கபேயர் ஆகமத்தில், போரில் விழுந்தவர்களின் உடையின் கீழ் விக்கிரகங்களுக்குரிய பொருட்கள் காணப்பட்டன. அப்படியிருந்தும் யூதாஸ் மக்கபே அவர்களைத் தள்ளிவிடாமல், அவர்களுடைய பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கப் பணம் சேர்த்து எருசலேமுக்கு அனுப்பினார். அவர்களுக்கே வேண்டுதல் உண்டென்றால், செபமாலையோடு மரித்தவர்களுக்கு இல்லையா?

1984-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, பெயர் தெரியாத ஒரு மாலுமியின் எலும்புகள் போர்ட்ஸ்மவுத் ஆங்கிலிக்கன் கதீட்ரலில் அடக்கம் செய்யப்பட்டன. அவர் உயிரோடிருந்த காலத்து மரித்தோர் பூசை முறைப்படியே சடங்கு நடந்தது. 439 வருடம் கழித்து அவருக்காக ஒரு வேண்டுதல்!

"இத்தனை காலம் சென்றபின் வேண்டி என்ன பயன்?" என்று கேட்பீர்கள். சர்வேசுரனுக்கு நேற்றும் நாளையும் ஒன்றுதான். இன்று நாம் செய்யப்போகும் செபத்தை அவர் அன்றே அறிந்திருந்தார். அந்த ஆத்துமம் ஏற்கெனவே மோட்சம் சேர்ந்திருந்தாலும் செபம் வீண்போகாது. அதை இன்னொரு ஆத்துமத்தின் ஆறுதலுக்கு அவர் உபயோகிப்பார்.

பிரியமானவர்களே, நம் பாட்டனுடைய தகப்பனார் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்கு ஞானஸ்நானத்தின் வரம் வரும்படி விசுவாசத்தைக் காத்துத் தந்தவர்கள் அவர்கள். பிழைப்புக்காகத் தூரதேசம் போய் அங்கேயே மரித்தவர்கள், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், நோயில் மடிந்து கல்லறையில் பெயர்கூட எழுதப்படாதவர்கள் எத்தனை பேர்! பழைய மரத்தையும் பாத்திரத்தையும் மீட்க மனிதர் 28,000 தடவை கடலில் இறங்கினார்கள். அழியாத ஆத்துமத்துக்காக நாம் ஒரு தடவை முழங்காலில் இறங்கமாட்டோமா?

ஆகையால் இவ்வாரம் ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்த மரித்தோரின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதி வையுங்கள். இராச் செபமாலையின் முடிவில் அந்தப் பெயர்களை வாசியுங்கள். கடைசியில், பெயர் தெரியாதவர்களுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் சொல்லுங்கள். கூடியவர்கள் அவர்களுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் செய்யுங்கள். நம்முடைய பெயரும் மறக்கப்படும் நாள் வரும். அன்று நமக்காக வேண்டிக்கொள்ள யாரோ ஒருவரைச் சர்வேசுரன் எழுப்புவாராக. ஆமென்.